கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மார்ச் என்று தனியாக ஒரு மாதம் கிடையாது. அதற்குப் பெயர் இயர் எண்ட். வவுச்சரும் பேங்க் ஸ்டேட்மெண்டும் மேஜையில் குவிந்து கிடக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குள் வீடு வந்து சேர்ந்தால் அதிசயம். அப்படிப்பட்ட மாதத்தில் தினமும் காலையில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பினால் வீட்டில் திட்டு விழாமல் இருக்குமா? விழுகிறது. “டிசம்பர்ல போனாலும் ஒரு நியாயம் இருக்கு. இந்த வேக்காட்டுல அங்க என்ன இருக்கு?” என்பார் வீட்டுக்காரர். டிசம்பரில் ஒரு வாரம் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வந்த பறவைகள் மாசி வரைக்கும் அங்கேதான் இருக்கப்போகின்றன. பங்குனியில் ஒரு வாரம் விட்டால் அதற்குள் ஏதாவது ஒன்று கிளம்பிப் போயிருக்கும்.

பறவை பார்க்கிறவர்கள் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் வரவைப் பற்றித்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வசந்தம் என்றால் வரவுக் காலம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதம் முழுக்க, தெற்கேயிருந்து வரும் சின்னச் சின்னக் குருவிகளைப் பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறார்கள். நமக்கு அது தலைகீழ். புரட்டாசி, ஐப்பசியில் வந்து சேர்ந்தவை பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்புகின்றன. சென்னையில் வசந்தகால வலசை என்பது வழியனுப்புகிற வேலை.

அந்த வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பறவை வந்த தேதியைக் குறிப்பது சுலபம். நேற்று வரை இல்லை, இன்றைக்கு இருக்கிறது. நோட்டை எடுத்து எழுதிவிடலாம். போன தேதியை அப்படி எழுத முடியாது. கடைசித் தடவையாகப் பார்க்கும்போது அது கடைசித் தடவை என்று யாருக்குத் தெரியும்? இன்றைக்கும் இருக்கிறது என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அடுத்த நாள் காணோம். சரி, கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று நினைப்போம். அதற்கடுத்த நாளும் காணோம். ஒரு வாரம் கழித்து நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தால்தான், ஓகோ, அன்றைக்குத்தான் கடைசியா என்று தெரியும். இடையில் பூங்காவுக்கே போகாமல் இருந்திருந்தால் அதுவும் தெரியாது.

நம் நாட்டில் வலசைப் பறவைகளின் தேதியைப் பொதுமக்களிடமிருந்து சேகரிக்கும் முயற்சி ஒன்று 2007இல் பெங்களூரிலிருந்து தொடங்கியது. ‘மைக்ரண்ட்வாட்ச்’ என்று பெயர். அதிலும் முதன்முதலில் கேட்டது, இந்த ஆண்டு இந்தப் பறவையை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்பதைத்தான். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அதுதான் எளிது. நான் ஏனோ கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற மறுபக்கத்துக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். கணக்கு எழுதும் கை; வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாமல் விட்டால் உறுத்துகிறது.

எங்கள் பேட்டைப் பூங்கா மேற்கு மாம்பலத்துக்கும் அசோக் நகருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல மாட்டேன். காரணம் பின்னால் வரும். சின்னப் பூங்கா. சுற்றிலும் வாக்கிங் டிராக், நடுவில் ஊஞ்சலும் சறுக்குமரமும், ஒரு பக்கம் ஓப்பன் ஜிம், காலை ஆறரைக்குக் கையைத் தட்டிச் சிரிக்கும் பெரியவர்கள் குழு ஒன்று. மரங்களில் தூங்குமூஞ்சி இரண்டு, புங்கை ஒரு வரிசை, வேம்பு, நாவல், சரக்கொன்றை, வாசல் பக்கம் ஒரு கல்யாண முருங்கை. மேற்குச் சுவரை ஒட்டி பம்ப் ரூம். அதன் பின்னால் யாரும் போகாத ஒரு மூலை. பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், நன்மங்கலம், அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகம் என்று பட்டியல் போடுகிறவர்கள் எங்கள் பூங்காவை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது நல்லதாய்ப் போயிற்று. ஒரே இடத்தைத் தினமும் பார்த்தால்தான் யார் குறைகிறார்கள் என்பது தெரியும். வாரம் ஒரு ஏரிக்குப் போகிறவருக்கு அது தெரியாது.

மாசி முடியும்போது தூங்குமூஞ்சி இலைகளைக் கொட்டத் தொடங்கும். டிராக் முழுக்கக் காய்ந்த காய்கள் பிசுக்பிசுக்கென்று ஒட்டும். அடுத்து புங்கை. பழைய இலையை உதிர்த்த சில நாட்களிலேயே பளபளவென்று இளம்பச்சையில் துளிர்த்துவிடும். நடக்க வருகிறவர்கள் அப்போதுதான் மரத்தை நிமிர்ந்து பார்த்து, “என்னமா தளிர் விட்டிருக்கு!” என்பார்கள். தளிர் வந்தால் புழு வரும். புழு வந்தால் கதிர்க்குருவிகளுக்குக் கொண்டாட்டம். வேம்பு பூக்கும்போது பூச்சிக்குப் பஞ்சமே இல்லை. தூரப் பயணம் போகிற பறவைக்கு இது கிளம்புவதற்கு முன் சாப்பிட்டு உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும் நேரம். சில கதிர்க்குருவி வகைகள் கிளம்பும் முன் தங்கள் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்வது உண்டு. தோலுக்கு அடியில் சேரும் அந்தக் கொழுப்புதான் வழிச்செலவு.

புங்கை வரிசையில் பச்சைக் கதிர்க்குருவி இருக்கும். ஏழெட்டு கிராம் எடை. கண்ணுக்கு மேல் வெளிர்மஞ்சள் புருவம், இறக்கையில் உற்றுப் பார்த்தால் தெரியும் ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான் அடையாளம். ஒரு நொடி ஓரிடத்தில் நிற்காது. “ட்சிலீ… ட்சிலீ…” என்று மேலேயிருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கும். இதன் சொந்தக்காரர்கள் திபெத் பீடபூமியைச் சுற்றி வளைத்துக் குடியிருக்கிறார்கள். இமயமலையிலிருந்து மேற்கே ஒரு கிளை, கிழக்கே ஒரு கிளை என்று பரவி, இரண்டும் வடக்கே சைபீரியாவில் போய்ச் சந்திக்கும்போது ஒன்றின் பாட்டை மற்றொன்று கண்டுகொள்வதில்லை. ஜோடி சேர்வதும் இல்லை. பரிணாம ஆய்வாளர்களுக்குப் பிடித்தமான பறவை. எனக்குக் கழுத்து வலி.

அதைவிட என்னைப் படுத்துவது பிளித் நாணல் கதிர்க்குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம், மண் நிறம், ஒரு பொட்டோ கோடோ கிடையாது. வேலி ஓரத்துச் செம்பருத்திப் புதரில் புகுந்துகொண்டு, இரண்டு கூழாங்கல்லை ஒன்றோடொன்று தட்டினாற்போல “டக்… டக்…” என்று சத்தம் கொடுக்கும். பார்க்கக் கிடைப்பது இலை ஆடுவது மட்டும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அதே புதர், அதே டக். ஆனால் கிளம்புவதற்கு முன்னால், ஏப்ரலில் சில காலைகளில், இது பாடும். மற்றப் பறவைகளின் குரலை எடுத்து இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். போன ஏப்ரலில் புதரிலிருந்து கொண்டைக்குருவியும் தையல்சிட்டும் மாறிமாறிக் கேட்டன. இரண்டும் ஒரே இடத்தில் இருந்து எப்படி என்று நின்று பார்த்தால், உள்ளேயிருந்து வந்தது நம்ம டக். குளிர்காலம் முழுக்க ஒற்றைச் சொல்லோடு ஓட்டியவர் ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் வாயைத் திறக்கிறார்.

ஊர் என்றால் எது? இந்த இனம் முட்டையிடும் இடம் பின்லாந்து, பால்டிக் நாடுகள் தொடங்கி சைபீரியா வரைக்கும் நீள்கிறது. என் செம்பருத்திப் புதர்க்காரர் அதில் எங்கே போகிறார் என்பதைக் காலில் வளையம் மாட்டாமல் சொல்ல முடியாது. பின்லாந்து என்று வைத்துக்கொண்டால் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அங்கே மே கடைசியில் போய்ச் சேர்ந்து ராத்திரி முழுக்கப் பாடும். அந்த ஊர்க்காரர்கள் வெளிச்சம் அடங்காத நடு இரவில் அதைக் கேட்கவென்றே போகிறார்கள். அவர்கள் பாட்டு கேட்கிறார்கள், நமக்கு டக். ஆனால் அது ஆண்டில் பாதிக்கு மேல் நம்மிடம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் கிளம்ப வேண்டிய நாள் எப்படித் தெரிகிறது என்பது எனக்கு ரொம்ப நாளாக இருந்த கேள்வி. குளிர்நாடுகளில் இருக்கும் பறவைக்குப் பகல் நீள்வதும் குறைவதும் நன்றாகத் தெரியும். ஹெல்சிங்கியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பதின்மூன்று மணி நேரம் வித்தியாசம். சென்னையில் அது ஒன்றரை மணி நேரம்தான். பங்குனிக்கும் சித்திரைக்கும் நடுவில் பகல் எவ்வளவு கூடியது என்று கேட்டால் நம்மில் யாருக்குத் தெரியும்? எபர்ஹார்ட் குவின்னர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1960களில் கதிர்க்குருவிகளைக் கூண்டில் வைத்து, ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேர வெளிச்சம், பன்னிரண்டு மணி நேர இருட்டு என்று மாறாமல் வைத்துப் பார்த்தார். வெளியுலகத்திலிருந்து எந்தத் தகவலும் கிடையாது. அப்படியும் இறகு உதிர்க்கும் காலத்தில் இறகு உதிர்த்தன. வலசை போகும் காலத்தில் இரவெல்லாம் கூண்டுக்குள் நிலைகொள்ளாமல் தத்தின. உடம்புக்குள்ளேயே ஆண்டுக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. பகல் நீளம் அதைத் திருத்தி வைக்கிறது, அவ்வளவே. பகல் பெரிதாக மாறாத நம் ஊரில் அந்த உள்கடிகாரத்துக்குத்தான் வேலை அதிகம்.

எல்லாமே ஒன்றாகக் கிளம்புவதில்லை. எங்கள் பூங்காவில் முதலில் கண்ணில் படாமல் போவது அரசவால் ஈப்பிடிப்பான். வெள்ளை வால் நாடாவாக இழுத்துக்கொண்டு பறக்கும் வயதான ஆண் எப்போதாவதுதான் வரும். செம்பழுப்பு நிறத்தவைதான் வழக்கம். மாங்குயிலும் ஏறக்குறைய அதே சமயத்தில். கொடிக்கால் வாலாட்டி சில வருஷம் இருக்கும், சில வருஷம் இருக்காது. இருந்தால் நாவல் மரத்தடியில். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பின்னுடம்பையே பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு நடக்கும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நின்று ஒரு பூச்சி, மறுபடி இந்தப் பக்கம். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. யாராவது கிட்டே வந்தால் தரையிலிருந்து விர்ரென்று கிளைக்கு ஏறி, அங்கேயும் ஆட்டிக்கொண்டு நிற்கும். கிழக்குச் சைபீரியாவிலும் சீனாவிலும் கொரியாவிலும் முட்டையிடும் பறவை. அதைக் காட்டிக் கொடுத்த பிறகு சிரிப்புக் குழுப் பெரியவர் ஒருவர், “நம்ம எக்சர்சைஸ் மாதிரியே இருக்கே” என்று இடுப்பில் கை வைத்துக் காட்டினார்.

இனி தோட்டக்கள்ளன். ஆறுமணிக்குருவி என்றாலும் இதுதான்.

பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் மூலை இதன் இடம். சருகு கணுக்கால் வரைக்கும் கிடக்கும், வெயில் விழாது, பம்ப் ரூம் குழாய் ஒழுகுவதால் மண் எப்போதும் ஈரம். சுவரோரமாகப் போட்ட உடைந்த சிமெண்ட் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்தால் சில காலைகளில் நான்கைந்து அடி தூரத்தில் வரும். பைனாகுலரே தேவையில்லை. மண்டையில் பழுப்பு, நடுவில் ஒரு கறுப்புக் கோடு, கண்ணை மூடினாற்போல அகலக் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைப் புருவம். முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று ஒரு நீலத் திட்டு, வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை. நடக்காது, தத்தும். இரண்டு தத்து, தலையைச் சாய்த்து ஒரு பார்வை, அலகால் ஒரு சருகைப் பிடித்துப் பின்னால் வீசும், அடுத்த சருகு. மண்புழு மாட்டினால் இழுக்கும்போது இளஞ்சிவப்புக் கால்கள் இரண்டையும் அகட்டி ஊன்றிக்கொள்ளும். அந்தக் குட்டை வால் மெதுவாக மேலும் கீழும் ஆடும். விடியும்போதும் அந்தி சாயும்போதும் தலையை மேலே தூக்கி “வீட்-ட்யூ” என்று இரண்டு சுரத்தில் விசில். அதைக் கேட்காமல் இது இருப்பதே தெரியாது.

அக்டோபரில் இது வரும்போது ஊருக்கே தெரியும். இரவில் பறக்கும் பறவை. களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி, ஜன்னலில் மோதி, யாரோ ஒருவர் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்திருக்கும். உடனே வாட்ஸ்அப்பில் படம் வரும்: “இது என்ன கிளி, மேடம்?” அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, இருட்டில், சத்தமில்லாமல் வைத்து, தெளிந்ததும் மரம் இருக்கும் இடத்தில் விடுங்கள் என்று பதில் எழுதியே பழகிவிட்டது. ஏப்ரலில் அது போகும்போது ஒருத்தருக்கும் தெரியாது. இலங்கையில் குளிர்காலத்தைக் கழித்தவையும் நம் மாநிலத்தைக் கடந்துதான் வடக்கே போயாக வேண்டும். ஆகவே ஏப்ரல் நடுவில் பம்ப் ரூம் மூலையில் நான் பார்ப்பது ஐந்தாறு மாதமாக இருந்த அதே பறவையா, ஒரு ராத்திரி தங்கிப் போகும் வழிப்போக்கரா என்று தெரியாது. விசில் வரும் இடம் திடீரென்று மாறினால் சந்தேகப்படுவேன்.

இதன் பயணத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. பிளித் நாணல் கதிர்க்குருவியும் பச்சைக் கதிர்க்குருவியும் போவது பனி உருகும் நாடுகளை நோக்கி. தோட்டக்கள்ளன் இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகள். தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகுதான் கூடு கட்டும். இது போவது மழையைத் தேடி. சித்திரையில் காய்ந்து கிடக்கும் சென்னையை விட்டு அது போவதைக் குறை சொல்லவும் முடியவில்லை.

பூங்கா பெயரைச் சொல்லாததற்குக் காரணம் இந்தப் பறவைதான். நகரத்தில் தோட்டக்கள்ளன் இருக்கும் இடம் தெரிந்தால் மறுநாளே பெரிய லென்ஸ்கள் வந்து இறங்கும். வருவதில் தப்பில்லை. சிலர் போனில் அதன் குரலைப் போட்டு, புளூடூத் ஸ்பீக்கரைச் சருகுக்குள் வைத்து, வெளியே வரவழைக்கிறார்கள். வேற்றுப் பறவை தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து அது சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேடும். பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய வாரங்களில் அந்த அரைமணி நேரம் அதற்கு எவ்வளவு விலை என்று படம் எடுப்பவர் யோசிப்பதில்லை. விசில் தானாக வரும், காத்திருக்கலாம். காத்திருக்க நேரமில்லை என்றால் வேறு பொழுதுபோக்கைப் பார்க்கலாம்.

இன்னொரு தொல்லை சருகு. பூங்காவைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரருக்குச் சுத்தம் என்றால் தரை மொட்டையாகத் தெரிய வேண்டும். இலை கொட்டும் மாதத்தில் கூட்டிக் குவித்து ஒரு மூலையில் நெருப்பு வைத்துவிடுவார்கள். எரிக்கக் கூடாது என்று சொல்லிப் பார்த்தோம், புகை வருகிறது என்று நடக்க வருகிறவர்களும் சத்தம் போட்ட பிறகுதான் நின்றது. கூட்டுவது நிற்கவில்லை. பம்ப் ரூம் பின்பக்கம் மட்டும் தப்பித்ததற்குக் காரணம் அங்கே கூட்டும் அக்கா. “அந்தக் கலர் குருவி போற வரைக்கும் விட்டுருங்கக்கா” என்று ஒரு தடவைதான் கேட்டேன். சூப்பர்வைசர் வரும்போது முன்னால் இருக்கும் இரண்டு அடியை மட்டும் கூட்டிவிட்டு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார். உள்ளே யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்?

உண்மையில் கிளம்பும் தேதிகளுக்கு என் நோட்டைவிட அந்த அக்காதான் நம்பகமான சாட்சி. அவர் அஞ்சரைக்கே வந்துவிடுகிறார், ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். நான் வருவது ஆறேகாலுக்கு, அதுவும் ஆபீஸ் வேலை விட்டால். “உங்க குருவி நேத்துலேர்ந்து சத்தம் காணோம்மா” என்று அவர் சொன்னால் அநேகமாகப் போய்விட்டது என்று அர்த்தம். பெயர்கள் தெரியாது. கலர் குருவி, வால் குருவி, கத்துற குருவி. ஆனால் எது எந்த மூலையில், எத்தனை மணிக்குக் குரல் கொடுக்கும் என்பதில் பிசகமாட்டார்.

சூறைக்குருவிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். கல்யாண முருங்கை பூத்தால் கூட்டமாக வந்து இறங்கும், தேனைக் குடித்து, முகமெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு, ஒன்றையொன்று திட்டி, கிளம்பும். குளிர்காலத்தில் அழுக்குப் பழுப்பாக இருந்தது ஏப்ரலில் ரோஜா நிறத்துக்கு வந்திருக்கும். புது இறகு முளைப்பதில்லை. இறகின் மங்கலான ஓரம் தேயத்தேய உள்ளே இருக்கும் நிறம் தெரிகிறது. மத்திய ஆசியாவின் வெட்டுக்கிளிகளை நம்பிக் குடும்பம் நடத்துகிற பறவை. ஆடி, ஆவணியிலேயே திரும்பி வந்துவிடும். பெரிய பிரிவு ஒன்றும் இல்லை.

தைப்பொங்கலை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலக அளவில் நான்கு நாள் கணக்கெடுப்பு. அதற்கு அடுத்து மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, உலகம் முழுக்க ஒரே நாளில் எண்ணும் நாள். வடக்கே அது வலசையின் உச்சம். சென்னையில் அப்போது எங்கள் பூங்காவில் காகம், மைனா, குயில், தவிட்டுக்குருவி, வெயில். நடுவில் இருக்கும் பங்குனி சித்திரைக்கு ஒரு விழாவும் இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, பெரியவர்களுக்கு இயர் எண்ட். கிளம்புகிற பறவைகள் அந்த இடைவெளியில் கிளம்பிவிடுகின்றன.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியல் ஏற்றும்போது கடைசியில் ஒரு கேள்வி கேட்கும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் குறித்துவிட்டீர்களா? பலர் யோசிக்காமல் தட்டிவிட்டுப் போகும் கேள்வி. ஆம் என்று சொன்னால்தான் பட்டியலில் இல்லாதது ‘இல்லை’ என்று கணக்கில் சேரும். இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023ஆம் ஆண்டு அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசியது. சுமார் 30,000 பேர் பதிவு செய்த பட்டியல்கள்தான் அதற்கு அடிப்படை. அரிய பறவைகளின் படங்களால் அது நடக்கவில்லை. காகமும் மைனாவும் எழுதி, எது இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்ன பட்டியல்களால் நடந்தது. அதனால் என் நோட்டில் மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து ‘இல்லை’ என்று ஒரு பத்தி உண்டு. அரசவால் இல்லை. மாங்குயில் இல்லை. கொடிக்கால் இல்லை. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். உங்கள் தெருவில், காலேஜில், பூங்காவில் குளிர்காலம் முழுக்கப் பார்த்துவந்த பறவை ஒன்று இருந்தால், மே பாதி வரைக்கும் இந்தப் பத்தியை எழுதிப் பாருங்கள். எழுத எழுதத்தான் தேதி துல்லியமாகும்.

இந்த வருஷம் தோட்டக்கள்ளன் கணக்கு முடிந்தது. புதரில் டக் சத்தமும் நின்றுவிட்டது. இன்னும் மூடாமல் கிடப்பது பழுப்புக் கீச்சான் மட்டும். கண்ணுக்குக் கறுப்பு முகமூடி, கொக்கி அலகு, வேலிக் கம்பத்தின் உச்சியில் அதே இடம், சாயங்காலமானால் கிர்ர்ர்ரென்று ஊரைக் கூட்டும் குரல். சைபீரியா, மங்கோலியா பக்கத்து ஆள். கீச்சான்கள் ஆண்டுதோறும் அதே குளிர்கால இடத்துக்குத் திரும்புவது வளையமிட்டுப் பார்த்ததில் தெரிந்த விஷயம், அதனால் எங்கள் கம்பத்துக்காரரும் பழைய ஆள்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். எப்போதும் கடைசியாகக் கிளம்புவதும் இதுதான். சில நாளாக என் கண்ணில் படவில்லை. கம்பம் காலி. நேற்று ‘இல்லை’ பத்தியில் எழுதிவிட்டு, அக்காவிடம், “கத்துற குருவியும் போயிடுச்சு போலக்கா” என்றேன்.

“எங்க போச்சு? இன்னிக்கு விடிகாலைல நாலு வாட்டி கத்துச்சு. நீங்க லேட்டா வந்துட்டு அதைச் சொல்றீங்க” என்றார்.

இன்றைக்கு அலாரத்தை அஞ்சுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.